கண்ணீர்ச் சுரப்பி லிம்போமா: ஊசி மாதிரியை எதுவரை நம்பலாம்?

ஸ்லைடு_வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நோய்க்குறியியல் முதுகலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். எங்கள் பிரிவில் ஒரு மாதிரியை ஒட்டி எழுந்த கருத்து வேறுபாட்டை, நோயாளி இன்னார் என்று தெரியாத அளவில், இங்கே முன்வைக்கிறேன்.

எழுபது வயதை நெருங்கும் ஒருவருக்கு மேலிமையின் வெளிப்பக்கத்தில் பல மாதங்களாக மெல்ல வளர்ந்து வந்த வீக்கம். வலி இல்லை, சிவப்பு இல்லை, பார்வையிலும் குறை இல்லை. சி.டி. ஸ்கேனில் கண்ணீர்ச் சுரப்பி முழுவதும் பெருத்து, கண்கோளத்தின் வளைவை ஒட்டியே படிந்திருக்கிறது, எலும்பு அரிக்கப்படவில்லை. கண் மருத்துவர் நுண்ணூசி மூலம் மாதிரி எடுத்து, பூசிய ஸ்லைடுகளை மட்டும் அனுப்பியிருந்தார். கோரிக்கைத் தாளில் கேட்கப்பட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: லிம்போமாவா (லிம்போசைட்டுகள் எனும் வெள்ளையணுக்களில் எழும் புற்றுநோய்), அழற்சியா?

ஸ்லைடுகளில் செல்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவை சிறிய லிம்போசைட்டுகள். அவற்றிடையே வெளிறிய சைட்டோபிளாசம் கொண்ட, சற்றே பெரிய செல்கள். அங்கங்கே பிளாஸ்மா செல்கள் (எதிர்ப்புரதம் சுரப்பவை). அரிதாக ஒன்றிரண்டு பெரிய செல்கள். எபிதீலியல் செல்கள் (சுரப்பியையே ஆக்கும் செல்கள்) ஏறக்குறைய இல்லை. மூத்த மருத்துவர் ஒருவர் "லிம்போமா எனச் சந்தேகிக்கத்தக்கது" என்று எழுதலாம் என்கிறார். இன்னொருவர், லிம்பாய்டு செல்கள் மிகுந்த மாதிரி என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இந்தச் சுரப்பியைப் பொறுத்தவரை ஊசி மாதிரி எதுவரை பேசலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி_மேசை எழுதியது:

செல்லியலில் நெடுங்காலமாகப் பணியாற்றுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் வருணித்திருக்கும் கலவைதான் இந்த விவாதத்தின் மையம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கண்ணீர்ச் சுரப்பியில் தோன்றும் லிம்போமாக்களில் பெரும்பான்மையானவை பி செல் (எதிர்ப்புரதம் உண்டாக்கும் லிம்போசைட்டு) வகையைச் சேர்ந்தவை. அவற்றிலும் மால்ட் வகை எனப்படும் விளிம்பு மண்டல லிம்போமாவே முதலிடத்தில் இருக்கிறது. அடுத்து ஃபாலிகுலர் லிம்போமா, பரவலான பெரிய பி செல் லிம்போமா, மேன்டில் செல் லிம்போமா ஆகியவை வருகின்றன. இவற்றுள் பெரிய பி செல் வகையை வெறும் ஸ்மியரிலேயே (ஸ்லைடில் பூசிய செல் மாதிரி) பெரும்பாலும் அடையாளம் காண முடியும்: செல்கள் பெரியவை, உட்கரு சீரற்றது, நியூக்ளியோலஸ் தெளிவாகத் தெரியும், இறந்த செல்களின் சிதைவுகளும் உடனிருக்கும். சிக்கல் மால்ட் வகையில்தான் இருக்கிறது. சிறிய லிம்போசைட்டுகள், மோனோசைட்டை ஒத்த வெளிறிய செல்கள், பிளாஸ்மா செல்கள், சில பிளாஸ்டுகள் (தூண்டப்பட்ட பெரிய செல்கள்) என்ற கலவையாகவே அது காட்சி தரும். நாட்பட்ட அழற்சியில் பெருகும் லிம்பாய்டு திசுவும் (வினைவழிப் பெருக்கம்) அதே கலவையைத்தான் காட்டும். மிக அதிகமாக வரும் நோயில்தான் ஸ்மியரின் உருவ அமைப்பு மிகக் குறைவாக உதவுகிறது என்பதை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் முதலிலேயே உணர்ந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதற்காக ஸ்மியரால் பயனே இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். இது லிம்பாய்டு கட்டியா, எபிதீலியல் கட்டியா என்ற முதல் கேள்விக்கு ஸ்மியர் தெளிவாகவே பதில் சொல்லும். காற்றில் உலர்த்தி ஜீம்சா சாயமேற்றிய ஸ்லைடில், செல்களுக்கு இடையே வெளிர்நீலச் சாம்பல் நிறத்தில் சிறு வட்டத் துணுக்குகள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். லிம்போசைட்டுகளின் சைட்டோபிளாசம் உடைந்து உண்டாகும் லிம்போகிளாண்டுலர் துணுக்குகள் அவை. அவை நிறைந்திருந்தால் லிம்பாய்டு திசுவில்தான் இருக்கிறோம் என்று துணிவாகச் சொல்லலாம். எபிதீலியல் புற்றுநோயான அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவின் செல்களும் சிறியவை, கருமையானவை. ஆனால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாக வரும், அக்குவியல்களின் நடுவே தெளிவான மெஜந்தா நிறக் கோளங்கள் தெரியும். புற்றல்லாத எபிதீலியல் கட்டியான பிளியோமார்ஃபிக் அடினோமாவிலோ அதே மெஜந்தா நிறத்தில் நார்நாரான ஸ்ட்ரோமா (செல்களைத் தாங்கும் இடைத்திசு) இருக்கும்.

உங்கள் மாதிரியில் நான் எழுதக்கூடியது இதுதான்: "பல்வகை லிம்பாய்டு செல்கள் மிகுந்த மாதிரி, எபிதீலியல் கட்டிக்கான சான்று இல்லை, தாழ்நிலை பி செல் லிம்போமாவையும் வினைவழிப் பெருக்கத்தையும் உருவ அமைப்பால் மட்டும் பிரித்தறிய இயலாது, ஃப்ளோ சைட்டோமெட்ரியும் திசு ஆய்வும் தேவை." தாழ்நிலை என்றால் மெதுவாக வளர்வது; ஃப்ளோ சைட்டோமெட்ரி என்பது செல்களின் புரதங்களைக் கருவியால் அளந்து வகைப்படுத்தும் சோதனை. இரண்டாவது மூத்தவரின் பக்கமே நிற்கிறேன். ஆனால் அவர் நிறுத்திய இடத்தில் நான் நிறுத்த மாட்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாத அறிக்கை கண் மருத்துவரைக் கைவிட்டுவிடுகிறது.

கண்குழி_அறுவை எழுதியது:

மேலே உள்ள விளக்கத்திற்கு நன்றி. அறுவை மருத்துவரின் தரப்பிலிருந்து, ஊசி இங்கே தேவைதானா என்ற அடிப்படைக் கேள்வியை எழுப்ப விரும்புகிறேன்.

வலியற்ற, மெதுவாக வளர்ந்த, கண்கோளத்தின் மீது அச்சாகப் படிந்த, எலும்பைத் தொடாத வீக்கம் என்றால் ஸ்கேனிலேயே லிம்பாய்டு நோய் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அத்தகைய சூழலில் மேலிமை மடிப்பின் வழியே சிறு கீறலிட்டு, சுரப்பியின் கண்குழி மடலிலிருந்து ஒரு துண்டு எடுப்பது, கைதேர்ந்தவர்களுக்குக் குறுகிய நேரத்தில் முடியும் அறுவை. நேராகக் கண்ணால் பார்த்து எடுக்கிறோம், இரத்தக் கசிவை உடனே நிறுத்துகிறோம், திசுவின் கட்டமைப்பும் முழுதாகக் கிடைக்கிறது. இமைப்பக்க மடலை மட்டும் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. கண்குழி மடலின் நாளங்களும் அதன் வழியாகவே செல்வதால் அங்கே கத்தி வைத்தால் பின்னாளில் கண் வறட்சி வரக்கூடும்.

மாறாக, வட்டமான, எல்லை தெளிவான, எலும்பில் மழுங்கிய குழியை உண்டாக்கிய, ஓராண்டுக்கும் மேலாக வளர்ந்த கட்டி என்றால் அது பிளியோமார்ஃபிக் அடினோமாவாக இருக்கக்கூடும். அதில் துண்டெடுக்கவே கூடாது. உறை கிழியாமல் முழுதாக அகற்ற வேண்டும் என்பதே எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட நெறி. உறை கிழிந்தால் கட்டி மீண்டும் வருவதும், காலப்போக்கில் புற்றாக மாறுவதும் அறியப்பட்டவை. நுண்ணூசிக்கும் இந்தத் தடை பொருந்துமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஸ்கேனில் அடினோமா என்று தோன்றினால் நான் ஊசி போடுவதில்லை.

ஆக, லிம்போமா என்று தோன்றினால் திசுத் துண்டு, அடினோமா என்று தோன்றினால் முழு அகற்றல். இடையில் ஊசிக்கு எங்கே இடம் என்று கேட்கிறேன். கண்கோளத்திற்கு வெகு அருகில், கண்ணால் காணாத இடத்தில் ஊசி செல்கிறது. கண்குழிக்குள் இரத்தக்கட்டு ஏற்படுவதும் கண்கோளம் துளைபடுவதும் அரிதாக இருந்தாலும், நேர்ந்தால் பார்வையே போய்விடும்.

இரத்தவியல்_பார்வை எழுதியது:

கண்குழி அறுவை மருத்துவர் கேட்ட கேள்விக்குச் சிகிச்சை அளிப்பவர் என்ற நிலையிலிருந்து ஒரு பதில்.

முதன்முறையாகக் கண்டறியப்படும் நோய்க்கு எனக்குத் திசுத் துண்டே வேண்டும். அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். வகை என்ன என்பதைப் பொறுத்துச் சிகிச்சை அடியோடு மாறுகிறது. கண்ணீர்ச் சுரப்பியோடு நின்றுவிட்ட மால்ட் லிம்போமாவுக்கு 24 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) அளவிலான கதிர்வீச்சே பெரும்பாலும் போதும். இரண்டு தவணைகளில் மொத்தம் 4 கிரே மட்டும் கொடுக்கும் முறையும் கண்ணின் வில்லையையும் கண்ணீர்ப் படலத்தையும் காக்கும் நோக்கில் கையாளப்படுகிறது. பெரிய பி செல் வகை என்றால் ரிட்டுக்சிமாப் (பி செல்களைத் தாக்கும் எதிர்ப்புரத மருந்து) சேர்ந்த கூட்டு மருந்துச் சிகிச்சை தேவை. மேன்டில் செல் வகையோ, கண்ணில் தென்படும் வேளையில் உடலின் பிற இடங்களிலும் பரவியிருப்பதே வழக்கம். சிறிய செல்களைப் பார்த்துத் தாழ்நிலை லிம்போமா என்று எழுதிவிட்டு, அது மேன்டில் செல்லாக இருந்துவிட்டால், கதிர்வீச்சு மட்டும் கொடுத்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. ஃபாலிகுலர் லிம்போமாவில் ஃபாலிக்கிள்களின் (பி செல்கள் திரளும் வட்டத் தொகுப்புகள்) அமைப்பையும் பெரிய செல்களின் எண்ணிக்கையையும் திசுவில் மட்டுமே சரியாக மதிப்பிட முடியும்.

ஆனால் ஊசிக்கு உறுதியான இடம் உண்டு. ஏற்கெனவே லிம்போமா உறுதிசெய்யப்பட்ட ஒருவருக்குக் கண்ணீர்ச் சுரப்பி பெருத்தால், அது அதே நோயா, வேறொன்றா என்று அறிய ஊசி மாதிரியும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் போதுமானவை. பழைய அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சிகிச்சைக்குப் பிறகு அதே இடத்தில் மீண்டும் வீக்கம் வந்தால் அப்போதும் அப்படியே. அறுவையைத் தாங்க முடியாத முதியவர்களுக்கும், நிறுத்த முடியாத இரத்த உறைவு எதிர்ப்பு மருந்தை உட்கொள்பவர்களுக்கும் எது குறைந்த ஆபத்து என்று தனித்தனியாகத் தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இன்னொன்று: ஸ்கேன் குழப்பமாக இருந்து, கட்டி அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவோ என்ற ஐயம் எழும்போது, பெரிய அறுவைக்குத் திட்டமிடும் முன் ஊசி மாதிரி தரும் விடை விலைமதிப்பற்றது. வலியும் எலும்பு அரிப்பும் உணர்வுக் குறைவும் சேர்ந்து வருமானால் இந்த ஐயத்தை ஒத்திப்போடக் கூடாது.

நுண்ணோக்கி_மேசை எழுதியது:

இரத்தவியல் நண்பர் சொன்னவை அனைத்தும் ஒரு நிபந்தனையின் மீது நிற்கின்றன. ஊசியில் வந்த மாதிரி ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குப் போய்ச் சேர வேண்டும். ஸ்லைடு வாசகியின் நோயாளிக்கு நேர்ந்த குறை அங்கேதான் இருக்கிறது என்பதால், மாதிரியைக் கையாளும் முறையைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

23 முதல் 25 கேஜ் வரையிலான மெல்லிய ஊசியே ஏற்றது. கண்குழியின் வெளிமேல் விளிம்பை ஒட்டி, ஊசி முனை எப்போதும் கண்கோளத்திலிருந்து விலகி எலும்புக் குழியை நோக்கியே இருக்க வேண்டும். லிம்பாய்டு திசு மென்மையானது. சிரிஞ்சால் பலமாக உறிஞ்சினால் இரத்தம் கலந்து செல்கள் நீர்த்துவிடும். சிரிஞ்சு இல்லாமல் ஊசியை மட்டும் முன்பின்னாக மெல்ல அசைத்தாலே நுண்குழல் விசையால் போதிய செல்கள் ஏறிவிடும். முதல் குத்தலில் வந்த துளியை ஸ்லைடில் விட்டு, மற்றொரு ஸ்லைடால் அழுத்தாமல் பரப்ப வேண்டும். லிம்போசைட்டுகளின் உட்கரு மிக எளிதில் நசுங்கி, நீலக் கோடுகளாக இழுபட்டுவிடும். அப்படி இழுபட்ட ஸ்லைடில் எந்த முடிவும் சொல்வதற்கில்லை. ஒரு ஸ்லைடைக் காற்றில் உலர்த்தியும், இன்னொன்றை ஈரம் காயும் முன் ஆல்கஹாலில் இட்டும் வைக்க வேண்டும். உலர்ந்த ஸ்லைடை உடனே சாயமேற்றிப் பார்க்க ஒருவர் அருகில் இருந்தால் மிக நல்லது. லிம்பாய்டு செல்கள் என்று தெரிந்த மறுகணமே அடுத்த குத்தலை முழுவதுமாக ஆர்.பி.எம்.ஐ. ஊடகத்தில் (செல்களை உயிரோடு வைக்கும் திரவம்) கழுவி ஃப்ளோவுக்கு அனுப்பலாம். மீதம் இருந்தால் செல் பிளாக் (செல்களை மெழுகுக் கட்டியாக்கி வெட்டிப் பார்ப்பது). ஃபார்மலினில் விழுந்த செல்கள் ஃப்ளோவுக்கு உதவாது. இதை அறுவை அரங்கின் செவிலியருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நல்ல மாதிரிகள் பல இந்தப் படியில்தான் வீணாகின்றன.

ஃப்ளோவில் முதலில் பார்ப்பது பி செல்களின் கப்பா, லாம்ப்டா (எதிர்ப்புரதத்தின் இரு வகைச் சங்கிலிகள்) விகிதத்தை. இயல்பில் கப்பா ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். பி செல்கள் ஏறக்குறைய அனைத்தும் ஏதேனும் ஒரு சங்கிலியை மட்டுமே காட்டுமானால் அவை ஒரே குலத்திலிருந்து வந்தவை. பிறகு வகைப்பாடு (சிடி எண்கள் செல் மேற்பரப்புப் புரதங்களின் பெயர்கள்): சிடி20 நேர்மறை, சிடி5, சிடி10 இரண்டும் எதிர்மறை என்றால் மால்ட் வகையை எண்ணலாம். சிடி5 நேர்மறை என்றால் மேன்டில் செல்லை உடனே நினைத்துச் செல் பிளாக்கில் சைக்ளின் டி1 பார்க்க வேண்டும். 11, 14 குரோமோசோம்களுக்கு இடையிலான இடமாற்றமே அந்நோயில் இந்தப் புரதம் மிகுவதற்குக் காரணம். சிடி10 நேர்மறை ஃபாலிகுலர் பக்கம் இட்டுச் செல்லும். மால்ட் வகைக்கென்று ஃப்ளோவில் தனி அடையாளம் எதுவும் இல்லை; மற்றவற்றை விலக்கித்தான் அதை அடைகிறோம்.

ஃப்ளோவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பெரிய பி செல் லிம்போமாவின் செல்கள் எளிதில் உடைவதால் கருவி அவற்றைத் தவறவிட்டு, பின்னணியில் இருக்கும் டி செல்களை மட்டும் எண்ணிக் காட்டக்கூடும். ஸ்மியரில் பெரிய செல்கள் நிறைந்திருக்க, ஃப்ளோ அறிக்கை இயல்பு என்று வந்தால் ஸ்மியரின் பக்கமே நிற்க வேண்டும். எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை: ஷோக்ரென் நோய் (உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) போன்ற நாட்பட்ட அழற்சியில், லிம்போமா இல்லாமலேயே சிறிய ஒருகுலப் பி செல் கூட்டம் தென்படலாம்.

கண்குழி_அறுவை எழுதியது:

இந்த விளக்கத்தை எங்கள் குழுவினரிடம் பகிர்கிறேன். நோய் திரும்புதல், ஏற்கெனவே அறியப்பட்ட லிம்போமா, அறுவை தாங்காத உடல்நிலை ஆகியவற்றில் ஊசியின் இடத்தை ஏற்கிறேன். முதல் நோயறிதலில் என் நிலை மாறவில்லை.

அதற்கு ஐஜிஜி4 (எதிர்ப்புரத வகையான ஐஜிஜியின் ஒரு துணைவகை) சார்ந்த அழற்சி நோய் இன்னொரு காரணம். இரு பக்கக் கண்ணீர்ச் சுரப்பிகளும் வலியின்றிப் பெருத்து, உமிழ்நீர்ச் சுரப்பிகளும் உடன் வீங்கியிருந்தால் இந்த நோய் முன்னே வந்து நிற்கிறது. அறுவை மருத்துவர் மிக்குலிச் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வருணித்த நோய்த் தோற்றத்தின் பெரும்பகுதி இன்று இந்தப் பெயரின் கீழ் வருகிறது. பிளாஸ்மா செல்களில் ஐஜிஜி4 நேர்மறையானவை ஐஜிஜி நேர்மறைச் செல்களின் மொத்தத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கின்றனவா, நாரிழைப்பெருக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்பவற்றைத் திசுவில்தான் பார்க்க முடியும். ஊசியில் நார்த்திசு அரிதாகவே வருகிறது. ஐஜிஜி4 நோயின் பின்னணியில் மால்ட் லிம்போமா தோன்றுவதும் உண்டு என்பதால், ஒன்றைக் கண்டுவிட்டோம் என்று மற்றொன்றைத் தேடாமல் விட்டுவிடக் கூடாது.

அம்மாவுக்காக எழுதியது:

மருத்துவர்களின் உரையாடலில் குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். என் அம்மாவுக்கு இதே இடத்தில் வீக்கம் வந்தது. சுரப்பி அழற்சி என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் நன்றாகவே குறைந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகு மீண்டும் வந்துவிட்டது. இப்போது எடுத்த ஊசிப் பரிசோதனையில் "மாதிரி போதவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். மருந்துக்குக் குறைந்த வீக்கம் புற்றுநோயாக இருக்காது என்றும், ஊசியில் எதுவும் வரவில்லை என்றால் கவலை வேண்டாம் என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

இரத்தவியல்_பார்வை எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டது இந்த விவாதத்திற்கு மிகவும் தேவையான கேள்வி. உங்கள் தாயாரைப் பார்க்காமல் நோய் இன்னதென்று சொல்ல முடியாது. பொதுவாக உண்மையான இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு லிம்போமா செல்களையும் அழிக்கும். எனவே வீக்கம் குறைந்தது என்பது அழற்சிக்கான சான்று ஆகாது. லிம்போமாவும் தற்காலிகமாகச் சுருங்கும், மருந்தை நிறுத்தியதும் திரும்பும். மருந்து உட்கொள்ளும் காலத்தில் எடுத்த மாதிரியில் நோய்ச் செல்கள் குறைந்து, விடை கிடைக்காமல் போவதும் உண்டு. நோய் என்னவென்று திசு மூலம் தெரியும் முன் ஸ்டீராய்டு தொடங்குவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது, "மாதிரி போதவில்லை" என்பதற்கு நோய் இல்லை என்று பொருள் அல்ல. கேள்வி அப்படியே இருக்கிறது என்று பொருள். திசுத் துண்டு எடுத்து ஆய்வு செய்வது பற்றிக் கண்குழி அறுவையில் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் பேசுங்கள். இதுவரை எந்த நாளில் எவ்வளவு ஸ்டீராய்டு உட்கொண்டார் என்ற விவரத்தை எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருந்தை நீங்களாகத் திடீரென நிறுத்தவும் வேண்டாம், மீண்டும் தொடங்கவும் வேண்டாம். லிம்போமாவாகவே இருந்தாலும், இந்த இடத்தில் அதிகம் வரும் வகை மெதுவாக வளர்வது, சிகிச்சைக்கு நன்கு இணங்குவது. முறையாக ஆய்வு செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் ஆய்வைக் கைவிட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்காக எழுதியது:

மிக்க நன்றி, டாக்டர். மாத்திரைச் சீட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இந்த வாரமே பார்க்கிறோம்.

ஸ்லைடு_வாசகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பூசிய ஸ்லைடுகள் மட்டுமே கையில் இருக்கும் நிலையில், நோயாளிக்கு மறுபடி ஊசி போடும் முன் அவற்றிலிருந்தே மேலும் ஏதாவது பெற முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன். ஜீன் மறுசீரமைப்பை (பி செல்கள் ஒரே குலமா என்பதைக் காட்டுவது) பி.சி.ஆர். எனும் டி.என்.ஏ. பெருக்கச் சோதனை மூலம் பார்க்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார்.

நுண்ணோக்கி_மேசை எழுதியது:

ஓரளவுக்கு முடியும். சாயமேற்றாத ஸ்லைடு மீதம் இருந்தால் அதில் சிடி3 (டி செல் அடையாளம்), சிடி20 (பி செல் அடையாளம்) இரண்டையும் இம்யூனோசைட்டோகெமிஸ்ட்ரியில் (எதிர்ப்புரதம் கொண்டு சாயமேற்றும் முறை) பாருங்கள். பி செல்கள் பெருவாரியாக இருப்பது சந்தேகத்தைக் கூட்டும், ஆனால் குலத்தைச் சொல்லாது. ஸ்லைடில் கப்பா, லாம்ப்டா பார்ப்பதில் பின்னணிப் புரதங்கள் குழப்பும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சாயமேற்றிய ஸ்லைடிலிருந்து செல்களைச் சுரண்டி டி.என்.ஏ. எடுத்து இம்யூனோகுளோபுலின் ஜீன் மறுசீரமைப்பைப் பார்ப்பதும் நடைமுறையில் உள்ளது. சுரண்டும் முன் ஸ்லைடின் படத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள், அது திரும்பக் கிடைக்காது. விடை நேர்மறையாக வந்தால் பயன் உண்டு. எதிர்மறை என்றால் லிம்போமா இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்: மால்ட், ஃபாலிகுலர் இரண்டிலும் அந்த ஜீனில் நிகழும் திடீர்மாற்றங்களால் பிரைமர் (பி.சி.ஆரைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. இழை) ஒட்டாமல் போவது அறியப்பட்ட குறைபாடு. செல்கள் மிகக் குறைவான மாதிரியில் போலியான நேர்மறையும் வரும். ஆகவே ஒரே டி.என்.ஏ.வை இருமுறை ஓட்டி ஒப்பிடாமல் அறிக்கை எழுதாதீர்கள்.

இந்த நோயாளிக்கு வயதும் உடல்நிலையும் இடம்கொடுக்கும் என்றால், ஸ்லைடிலிருந்து எதையாவது பிழிந்தெடுக்க முயல்வதை விடக் கண்குழி மருத்துவர் சொன்ன திசுத் துண்டே நேர்வழி. அந்தத் துண்டிலும் ஒரு சிறு பகுதியை ஃபார்மலினில் இடாமல் ஃப்ளோவுக்காக ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள்.

ஸ்லைடு_வாசகி எழுதியது:

அப்படியே செய்தோம். எங்கள் அறிக்கையில் நீங்கள் தந்த வாசகத்தை ஒட்டி எழுதி, கண் மருத்துவரிடம் நேரில் பேசினோம். இமை மடிப்பு வழியே துண்டு எடுக்கப்பட்டு, ஒரு பகுதி ஆர்.பி.எம்.ஐ. ஊடகத்தில் வந்தது. பி செல்கள் கப்பாவை மட்டுமே காட்டுகின்றன; சிடி5, சிடி10 இரண்டும் எதிர்மறை. திசுவில் சுரப்பிக் குழல்களுக்குள் லிம்போசைட்டுகள் ஊடுருவி அவற்றைச் சிதைத்திருப்பதும் தெளிவாகத் தெரிகிறது. சைக்ளின் டி1 எதிர்மறை. மால்ட் வகை விளிம்பு மண்டல லிம்போமா என்று அறிக்கை தந்திருக்கிறோம். ஐஜிஜி4 சாயமும் இரத்தவியல் பிரிவின் பரவல்நிலை ஆய்வும் இன்னும் முடியவில்லை. முடிவு வந்ததும் இந்த இழையிலேயே சேர்க்கிறேன்.